பறிகொடுத்தவர் எங்கே போனார்? கொள்ளைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கும் திரைக்கதை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். கொள்ளைப் படம் வருகிறதென்றால் முதல் வாரமே போய்ப் பார்த்துவிடுகிற ஆளும்கூட. அதனால் பயப்படாமல் படியுங்கள். "இந்த மாதிரிப் படத்தையெல்லாம் தடை செய்ய வேண்டும்" என்று நான் எழுத வரவில்லை. சினிமா பார்த்துத் திருடக் கற்றுக்கொண்டேன் என்று கூண்டில் நின்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. கடன், குடி, சூதாட்டம், சேரக்கூடாத சேர்க்கை என்று காரணம் எப்போதும் பழைய காரணமாகத்தான் இருந்தது.

என் குறை வேறு. உங்கள் படங்களில் கொள்ளையடிப்பவர் இருக்கிறார். அவருக்கு ஒரு முன்கதை, ஒரு காதலி, ஒரு கிண்டல் பேர்வழி நண்பன் எல்லாம் இருக்கிறார்கள். துரத்துகிற போலீஸ் அதிகாரிக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. பறிகொடுத்தவரை மட்டும் காணோம். அதிகம் போனால் "ஐயோ என் பணம்" என்று ஒரு வசனம். இல்லையென்றால் தரையில் குப்புறப் படுத்திருக்கும் கூட்டத்தில் ஒரு முதுகு.

சினிமா பிறந்த காலத்தில் இப்படி இல்லை. 1903-இல் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' பன்னிரண்டு நிமிடம் ஓடுகிற ஊமைப் படம். அதில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக ஒரு ஷாட் உண்டு. கொள்ளைக்கூட்டத் தலைவன் நேராகக் கேமராவைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கிச் சுடுவான். படத்தின் தொடக்கத்தில் காட்டுவதா, முடிவில் காட்டுவதா என்பதைக்கூடத் திரையிடுபவரிடமே விட்டுவிட்டார்கள். அந்த ஒரு ஷாட்டில் பார்வையாளர்தான் கொள்ளையடிக்கப்படுகிறவர். அதற்கப்புறம் வந்தவர்கள் எங்களை மெல்ல நகர்த்தித் துப்பாக்கிக்குப் பின்பக்கம், கொள்ளைக்காரனின் தோளுக்கு அருகில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டீர்கள். உட்காருவதற்குச் சுகமான இடம்தான், மறுக்கவில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் மறுபக்கத்து ஆட்கள்தான் தினமும் வருவார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கதை பண்ணுகிறவர்கள் நீங்கள், உங்களுக்குப் பயன்படும்.

சங்கிலிப் பறிப்பு வழக்குகளைத்தான் அதிகம் பார்த்தேன். திரையில் அது இரண்டு நொடிக் காட்சி: பைக், ஒரு கை, ஒரு அலறல், கட். நிஜத்திலும் நடப்பது இரண்டு நொடிதான். ஆனால் அதோடு முடிவதில்லை. தாலிக்கொடி கெட்டியாக இருந்தால் இழுத்தவுடன் அறுந்து வராது; கழுத்தும் கூட வரும். அந்த அம்மா விழுவார், சில அடி தூரம் இழுபடுவார். கழுத்தைச் சுற்றி, முக்கியமாகப் பின்கழுத்தில், கயிற்றால் இறுக்கியது போல ஒரு செங்கோடு விழும். காய அறிக்கையில் மருத்துவர் அதைச் 'சிறு காயம்' என்று எழுதுவார், சட்டப்படி அது சரியும்கூட. அன்று ராத்திரியே வீட்டில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுவிடுவார்கள். விசாரணைக்கு வரும்போதும் பல பேர் அந்தக் கயிற்றோடுதான் வருவார்கள். சம்பவம் நடந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும்.

இடையில் காவல் நிலையம் என்று ஒன்று இருக்கிறதே. "எத்தனை பவுன்?" என்று கேட்பார்கள். "ஏழு" என்றால், "பில் இருக்கா?" அடுத்த கேள்வி. இருபத்தைந்து வருடம் முன்னால் அப்பா போட்டு அனுப்பிய நகைக்குப் பில்லுக்கு எங்கே போவது? கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பட்டுப்புடவை, மாலை, வெட்கச் சிரிப்பு, அதில் சங்கிலி இருக்கும் இடத்தில் பேனாவால் ஒரு வட்டம். கல்யாண ஆல்பம் வழக்குக் கட்டில் கோர்க்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். சில நிலையங்களில் பவுனைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். மேலே போகிற கணக்கில் பெரிய களவாகத் தெரியக்கூடாதாம். முதல் தகவல் அறிக்கை போடாமல், புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மட்டும் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு மாதக்கணக்கில் அலைந்தவர்களும் உண்டு. எந்த ஊர், எந்த நிலையம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எங்கே போனாலும் இதே வசனம்தான்.

நான் மறக்காத வழக்கு ஒன்று. ஆட்கள் பிடிபட்டு, நகையும் 'மீட்கப்பட்டு', வழக்குச் சொத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95 போட்டு எங்களிடம் வந்தது. துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்த ஒரு சின்னப் பொட்டலம், மேலே குற்ற எண் எழுதிய சீட்டு. நகையைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்ட அம்மா கணவரோடு வந்திருந்தார். நடுவர் முன்னிலையில் முத்திரையை உடைத்துப் பிரித்தோம். உள்ளே சங்கிலி இல்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தங்கக் கட்டி. உருக்கிவிட்டார்கள். அந்த அம்மா அதைக் கையில் வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது உங்களுடையதுதானா?" என்று கேட்க வேண்டியது எங்கள் கடமை, கேட்டோம். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? கணவர்தான் "ஆமாங்கய்யா" என்றார்.

கதை அதோடு முடியவில்லை. வழக்கு நடக்கும்போதே பொருளை ஒப்படைக்கும்போது, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நிபந்தனை போட்டுத்தான் கொடுப்பார்கள்: கேட்கும்போது கொண்டுவர வேண்டும், விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது. அதாவது தங்கம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் அதைத் தாலிக்கொடியாகச் செய்துகொள்ளக் கூடாது. வழக்கு முடிகிற வரை அது கட்டியாகவே பீரோவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அம்மா மஞ்சள் கயிற்றோடு வந்துபோனார். அவர் வீட்டில் தங்கம் இருந்தது, கழுத்தில் இல்லை. இந்த ஒரு முரணை வைத்து ஒரு முழுப் படம் எழுதலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

(பொருட்களைக் காலம் கடத்தாமல் உரியவரிடம் கொடுத்துவிடுங்கள், புகைப்படமும் பிணைப்பத்திரமும் எடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. இப்போது வந்திருக்கும் புதிய நடைமுறைச் சட்டமும் பொருளின் விவரத்தைப் பதினான்கு நாளில் பதிவு செய்ய வேண்டும், அதன்பின் முப்பது நாளில் உத்தரவு போட வேண்டும் என்கிறது. காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.)

அடுத்து அடையாள அணிவகுப்பு. உங்களில் யாராவது இதை ஒழுங்காக எடுத்திருக்கிறீர்களா என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். வெளிநாட்டுப் படங்களில் ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடி, அதற்குப் பின்னால் சாட்சி பத்திரமாக நிற்பார். அதையே நீங்களும் எடுக்கிறீர்கள். நம் ஊரில் அது சிறைக்குள் நடக்கும். நடுவர் நடத்துவார், போலீஸ் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. பிடிபட்டவரோடு ஏறக்குறைய அதே வயது, அதே உடல்வாகு உள்ள வேறு ஆட்களைச் சேர்த்து வரிசையாக நிறுத்துவார்கள். கண்ணாடியெல்லாம் கிடையாது. சாட்சி நேருக்கு நேர் நடந்துபோய் முகம் முகமாகப் பார்த்து, "இவர்தான்" என்று தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு தடவை தொட்டால் போதாது. வரிசையைக் கலைத்து மாற்றி நிறுத்தி மறுபடியும் காட்டச் சொல்வார்கள்.

கத்தியைக் காட்டி, கழுத்தில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனவனின் தோளைத் தொட வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஒரு பள்ளி ஆசிரியை, நல்ல தைரியசாலி, வரிசையின் பாதி வரை வந்துவிட்டு நின்றுவிட்டார். ஆள் தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்ததாம். ஆனால் கை எழவில்லை. "யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், சிறை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த வழக்கு பிறகு விடுதலையில் முடிந்தது. போலீஸ்காரர்கள் அந்த ஆசிரியையைத் திட்டினார்கள். நான் திட்ட மாட்டேன்.

சட்டத்தில் திருட்டு வேறு, கொள்ளை வேறு. அச்சுறுத்தலோ அடியோ சேர்ந்தால்தான் அது கொள்ளை. ஐந்து பேர் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை, ஆயுள் தண்டனை வரை போகும். உங்கள் படங்களில் எப்போதும் ஐந்து பேர் மேசையைச் சுற்றி வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கூட்டுக்கொள்ளைக்கு ஆயத்தம் செய்வதே தனிக் குற்றம். அதற்கே பத்து வருடம் வரை தண்டனை உண்டு. இடைவேளைக்கு முன்னாலேயே உங்கள் நாயகர்கள் உள்ளே போக வேண்டியவர்கள். எங்கள் ஊர்ப் பத்திரிகையில் மாதம் ஒரு முறையாவது வரும்: "சுடுகாட்டுப் புதர் அருகே கொள்ளையடிக்கத் திட்டமிட்ட ஐந்து பேர் கைது, பட்டாக்கத்தி, மிளகாய்ப்பொடி பறிமுதல்." எப்போதும் ஐந்து பேர்தான், எப்போதும் புதர்தான். அந்தப் புதருக்குள் நடந்தது உண்மையில் என்ன என்று யாராவது ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம். பறிகொடுத்தவரை மறைக்க உங்களிடம் ஒரு பழைய உத்தி இருக்கிறது. கொள்ளை போகும் பணத்தை யாருடையதும் இல்லாத பணமாக்கிவிடுவது. 'மங்காத்தா'வில் அது கிரிக்கெட் சூதாட்டப் பணம். 'துணிவு' படத்தில் வங்கியே வாடிக்கையாளர்களை ஏமாற்றிய கூட்டம் என்றாகிவிடுகிறது. அப்புறம் கொள்ளையடிப்பவர்மேல் நமக்கு எப்படிக் கோபம் வரும்? 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' காலத்திலிருந்து இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கிற கள்ளன்தான் நம்முடைய கள்ளன். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ரசிகனின் மனச்சாட்சியைத் தூங்கவைக்காமல் கொள்ளையை ரசிக்க வைக்க முடியாது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நம் ஊர்ப் பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். 2022 ஆகஸ்ட் 13, சென்னை அரும்பாக்கம். பட்டப்பகலில் ஒரு தங்க நகைக்கடன் நிறுவனத்துக்குள் புகுந்து, ஊழியர்களைக் கட்டிப்போட்டு, 30 கிலோவுக்கும் மேல் நகையை அள்ளிக்கொண்டு போனார்கள். சம்பந்தப்பட்டவர்களில் ஒருவர் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சில நாட்களில் நகை மீட்கப்பட்டது. அதில் ஒரு பகுதி ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து வந்தது. இந்தத் திருப்பத்தை நீங்கள் எழுதியிருந்தால் விமர்சகர்கள் நம்ப மறுத்திருப்பார்கள். ஆனால் நான் கேட்பது, அந்த 30 கிலோ யாருடையது? நிறுவனத்துடையது இல்லை. மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு வளையலை வைத்தவர், மருத்துவச் செலவுக்குத் தோட்டைக் கழற்றியவர், கடைக்குச் சரக்கெடுக்கச் சங்கிலியை அடகு வைத்தவர். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பையில், ஒரு கணக்கு எண்ணோடு. அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு அடகுச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடியவர்களை எந்த நாயகனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

வங்கி லாக்கரும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்கே தெரியாது. ரிசர்வ் வங்கியின் புதிய விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வங்கியின் கவனக்குறைவால் கொள்ளை போனால், லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கியின் பொறுப்பு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய பவுன் விலையில் அது எத்தனை பவுனுக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "இன்ஷூரன்ஸ் இருக்கு பாஸ், யாருக்கும் நஷ்டமில்லை" என்று உங்கள் நாயகனின் நண்பன் ஒரு வசனம் சொல்வான், அடுத்த முறை அவனை யாராவது திருத்துங்கள்.

கொள்ளைக்காரனுக்குப் புகழ், பட்டவனுக்கு மறதி என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. 1963 ஆகஸ்ட் 8 விடியற்காலை, இங்கிலாந்தில் கிளாஸ்கோவிலிருந்து லண்டன் போன தபால் ரயிலைப் பக்கிங்ஹாம்ஷயரில் நிறுத்தினார்கள். பச்சை விளக்கைக் கையுறையால் மூடிவிட்டு, பேட்டரி வைத்துச் சிவப்பு விளக்கை எரியவிட்ட புத்திசாலித்தனத்தை எல்லோரும் சொல்வார்கள். போனது 26 லட்சம் பவுண்டு. அதில் பங்கெடுத்த ரோனி பிக்ஸ் 1965-இல் சிறைச் சுவர் ஏறித் தப்பி, பிரேசிலில் உட்கார்ந்துகொண்டு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, ஒரு பங்க் ராக் குழுவோடு பாட்டும் பாடி, உலகப் புகழோடு வாழ்ந்தார். படங்கள் வந்தன, தொடர்கள் வந்தன. அந்த ரயிலை ஓட்டிய ஜாக் மில்ஸ் தலையில் வாங்கிய அடியிலிருந்து கடைசிவரை முழுதாகத் தேறவில்லை, 1970-இல் இறந்துபோனார். பிக்ஸ் பெயர் உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும். மில்ஸ் பெயர்?

தற்செயலாக அதே ஆகஸ்ட் 8, ஐம்பத்து மூன்று வருடம் கழித்து, நம் பக்கத்து ரயில். 2016-இல் சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் பழைய நோட்டுகளை ரிசர்வ் வங்கிக்கு ஏற்றி வந்த ரயில் அது. மொத்தம் 342 கோடி ரூபாய். பக்கத்துப் பெட்டியில் துப்பாக்கியோடு காவல். மறுநாள் எழும்பூரில் பெட்டியைத் திறந்தால் கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை, 5.78 கோடி இல்லை. சேலம் – விருத்தாசலம் தடத்தில் அப்போது மின்கம்பி கிடையாது, டீசல் என்ஜின்தான். அதனால்தான் கூரைமேல் ஆள் உட்கார முடிந்தது. இரண்டு வருடம் கழித்து, மத்தியப் பிரதேசக் கும்பல் ஒன்றை சி.பி.சி.ஐ.டி. பிடித்தது. நடுவில் நடந்ததுதான் வேடிக்கை. கொள்ளை நடந்து சரியாக மூன்று மாதம், நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். செலவழிக்காமல் மிச்சம் வைத்திருந்ததெல்லாம் வெறும் காகிதம். இதைவிட நல்ல கிளைமாக்ஸ் எந்தத் திரைக்கதை வகுப்பிலும் கிடைக்காது. இந்த வழக்கில் பறிகொடுத்தவர் என்று கண்ணீர் விட யாரும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தாராளமாக ஜாலியாக எடுங்கள்.

நம் இலக்கியத்தைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பாலைத்திணைப் பாட்டுகளில் வருகிற ஆறலை கள்வருக்கு, அதாவது வழிப்பறிக்காரர்களுக்கு, புலவர்கள் நாயக வேஷம் போடவில்லை. கையில் பொருளே இல்லாத வழிப்போக்கரையும், துள்ளித் துடிப்பதைப் பார்க்கவேண்டுமென்றே தொடர்ந்துபோய் உயிரைப் பறிப்பார்கள் என்று கலித்தொகை சொல்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது சுந்தரர். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு திருமுருகன்பூண்டி வழியாக வந்தவரை வேடர்கள் வழிமறித்துக் குத்திக் கூறையையும் பறித்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் சிவபெருமான் அனுப்பிய பூதங்கள் என்பது புராணம். சுந்தரர் நேரே கோயிலுக்குப் போய்ப் பாடுகிறார். அது பாட்டா, புகார் மனுவா என்று கேட்டால் இரண்டும்தான். வேடர்கள் 'திடுகு மொட்டு' என்று மிரட்டிய சத்தம், குத்து, துணி பறிபோனது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட ஊரில் "எத்துக்கிங் கிருந்தீர் எம்பிரானீரே" என்று சாமியையே கேட்கிறார். காவல் நிலைய வாசலில் நின்று எத்தனை பேர் இதையே கேட்டிருக்கிறார்கள்! ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் பறிகொடுத்தவர் தன் வாயால் பாடியது நம்மிடம் இருக்கிறது. நீங்கள் ஸ்பெயின் நாட்டுத் தொடரைப் பார்த்து முகமூடி வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு படத்துக்கு மட்டும் நன்றி சொல்லியாக வேண்டும். 2017-இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று'. நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் நடுராத்திரி கதவு உடையும்போது உள்ளே இருப்பவர்களின் பயத்தை அந்தப் படம் காட்டியது. இப்படி வீடு புகுந்து கொள்ளையடித்த பவாரியா கும்பலின் வழக்குகளையும், 2005-இல் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் அவருடைய வீட்டிலேயே கொல்லப்பட்டதையும் நினைவு வைத்திருக்கிற எங்கள் தலைமுறைக்கு அந்தக் காட்சிகள் வயிற்றைப் பிசைந்தன. ஆனால் அதே படம் குற்றத்தை ஒரு கும்பலின் தலையில் வைப்பதோடு நிற்காமல் பரம்பரையின் தலையிலும் வைத்தது. எதிர்ப்பு வந்தபின் தயாரிப்புத் தரப்பு வருத்தம் தெரிவித்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். பிறந்த சாதிக்காகக் கைரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஊர்க்காரர் பேரன் இன்று உங்கள் படத்துக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கலாம். வில்லன் எந்த மாநிலத்தான், எந்த இனத்தான் என்பதை எழுதும்போது இது ஞாபகம் இருக்கட்டும். இப்போது 'வடக்கன்' என்ற ஒரே சொல்லில் மொத்தப் பேரையும் அடக்குகிற வேலையும் நடக்கிறது. எங்கள் நீதிமன்றத்தில் கூண்டில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள்தான்.

என்கவுன்டர் முடிவைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. 2012 பிப்ரவரியில் சென்னையில் இரண்டு வங்கிக் கொள்ளைகளுக்குப் பிறகு வேளச்சேரியில் ஒரே இரவில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2025 மார்ச்சில் ஒரே காலையில் அடுத்தடுத்து சங்கிலி பறித்துவிட்டு விமான நிலையத்தில் பிடிபட்டவர்களில் ஒருவர் மறுநாள் விடியும் முன் சுடப்பட்டார். தியேட்டரில் விசில் பறக்கும் என்று எனக்கும் தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த விசிலில் சங்கிலி இழந்தவர் எங்கே இருக்கிறார்? ஆள் செத்துவிட்டால் அவர்மேல் இருந்த வழக்கு அற்றுப்போகும். சாட்சி சொல்ல, "என்னை இப்படிச் செய்தான்" என்று ஒரு சபையில் எழுந்து நின்று சொல்ல அந்த அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே இடமும் போய்விடுகிறது. அப்படிச் சொல்லிவிட்டு இறங்கும்போது சில முகங்கள் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பதறிக்கொண்டே ஏறுவார்கள், குறுக்கு விசாரணையில் "இருட்டில் எப்படி அடையாளம் தெரிந்தது?" என்று வக்கீல் மடக்குவார், குரல் உயரும், "கழுத்தைப் புடிச்சவன் மூஞ்சி தெரியாதாய்யா?" என்பார்கள். பெயர் கூப்பிடுகிற டவாலிகூட நிமிர்ந்து பார்ப்பார்.

இப்படிக் காட்சிகளை வைத்துக்கொண்டா நீங்கள் லேசர் கதிருக்கு நடுவே குட்டிக்கரணம் போடும் காட்சியை இன்னொரு முறை எடுக்கப் போகிறீர்கள்?

நிஜக் கொள்ளைக்காரர்களுக்கும் உங்கள்மேல் ஆசை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு நகைக்கடைச் சுவரில் ஓட்டை போட்டு, விலங்கு முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய், மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப்பொடி தூவிவிட்டுப் போனார்களே, அந்தக் கும்பலின் தலைவன் கொள்ளைப் பணத்தில் தெலுங்குப் படம் எடுத்தவன் என்று போலீஸ் சொன்னது. ஆக, உங்கள் தொழிலில் போட்டிக்கு ஆள் இருக்கிறது.

கடைசியாக நடைமுறைக்கு உதவுகிற ஒரு விஷயம். நீதிமன்றம் திறந்த மன்றம். ரகசிய விசாரணை தவிர மற்றதற்கெல்லாம் யார் வேண்டுமானாலும் பின்பெஞ்சில் வந்து உட்காரலாம். அனுமதிச் சீட்டு வேண்டாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். சைதாப்பேட்டையோ எழும்பூரோ உங்கள் வளசரவாக்கம் அலுவலகத்திலிருந்து தூரமில்லை. காலை பத்தரைக்கு முன்னால் வந்துவிடுங்கள், முதலில் வழக்குகளை வரிசையாக அழைத்து வாய்தா கொடுப்பார்கள், சாட்சி விசாரணை அதற்கப்புறம்தான். உதவி இயக்குநரை அனுப்பாதீர்கள், நீங்களே வாருங்கள். வராந்தாவில் மஞ்சள் பை வைத்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறவரிடம் "என்ன கேஸ்மா?" என்று கேட்டால் போதும், மீதியை அவரே சொல்வார். கைப்பேசியை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். விசாரணை நடுவில் மணி அடித்தால் நடுவர் வாங்கி வைத்துக்கொள்வார், சாயங்காலம்தான் திருப்பிக் கொடுப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர் ஒருவர்